பாறை முனையின் குடிகள்

தேனி மலைகள் – 6

கம்பத்திலிருந்து சின்னமனூர் நோக்கிப் போகிறவர்களுடன் கிழக்கே ஒரு சுவர் கூடவே வரும். நெல் வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் முடிகிற இடத்தில் கரடு தொடங்கும். கரட்டுக்கு மேல் முள்காடு, அதற்கு மேல் செங்குத்தான கரும்பாறை, உச்சியில் பெரும்பாலும் மேகம். கம்பம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 400 மீட்டரில் இருக்கிறது. சுவருக்கு மேலே தேயிலைத் தோட்டங்கள் விரிந்து கிடக்கும் ஹைவேவிஸ் 1,500 மீட்டரில். சில கிலோமீட்டர் தூரத்துக்குள் நிலம் 1,000 மீட்டருக்கு மேல் எழும்பிவிடுகிறது. பச்சைக்கூமாச்சி என்று பழைய ஆட்களும், மேகமலை என்று மற்றவர்களும் சொல்லும் மலையின் மேற்கு முகம் இது.

சென்ற வாரம் பள்ளத்தாக்கின் தரையில் நடந்தோம். இந்த வாரம் சுவரின் விளிம்புக்கு வருவோம். சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிற பயணிக்கு இந்த விளிம்பு நின்று படம் எடுக்கும் இடம். ஆனால் பாறையில் மட்டுமே குடியிருக்கக்கூடிய உயிர்கள் இங்கே இருக்கின்றன. அவற்றுக்குப் பாறை வீடு மட்டும்தான். உணவு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வேறு இடத்தையும் சேர்த்துக் காப்பாற்றாமல் பாறையை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை.

காற்று இரண்டு முறை ஏறுகிறது

கடலுக்குள் நீண்டு நிற்கும் நிலமுனையில் காற்று எந்தத் தடையும் இல்லாமல் வந்து மோதும். கடலே இல்லாத தேனி மாவட்டத்தில் அந்த வேலையை இந்த விளிம்பு செய்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்து மலையில் ஏறி, ஈரத்தில் பெரும்பங்கை அங்கேயே கொட்டிவிடுகிறது. குமுளி மலையைத் தாண்டிக் கம்பத்துக்குள் இறங்கும்போது அது சாரல். கீழே போகப் போக வெறும் காற்று. பள்ளத்தாக்கைக் கடந்ததும் மேகமலைச் சுவர் மறிக்க, காற்று மறுபடி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, மிச்சமிருந்த ஈரமும் மேகமாகித் திரள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வேறு. அதனால்தான் ஒரே மலைக்கு அடிவாரத்தில் முள்காடும் உச்சியில் பசுமைமாறாக் காடும் வாய்த்திருக்கின்றன.

இங்கே பரவலாகக் கிடக்கும் பாறை சார்னோகைட் வகை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தில் உருமாறி இறுகியது. எளிதில் கரையாது. வெடிப்பு ஓடிய இடத்தில் மட்டும் பிளந்து விழும். அப்படித்தான் நேர்செங்குத்தான முகங்களும் குகைகளும் உண்டாகின்றன. காற்று அறையும் முகட்டில் மண் தங்குவதில்லை, புல் மட்டும் பிடித்துக்கொள்கிறது. மடிப்புகளில் மண்ணும் நீரும் தேங்கிச் சோலை வளர்கிறது.

வரையாடும் வௌவாலும்

முகட்டுப் புல்லின் முதல் உரிமையாளர் வரையாடு, தமிழகத்தின் மாநில விலங்கு. காலையிலும் மாலையிலும் புல்வெளியில் மேயும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் ஓடி ஒளியக் காடு தேடாது, பாறை முகத்துக்குத் தாவும். உள்ளங்கால் மெத்தையும் குளம்பின் கடின விளிம்பும் வழுக்குப் பாறையிலும் பிடிமானம் தருகின்றன. பாறையில்லாத புல்வெளியில் அதற்குப் பாதுகாப்பு இல்லை. புல்லில்லாத பாறையில் உணவு இல்லை. இரண்டும் ஒட்டிக் கிடக்கிற விளிம்புதான் அதன் ஊர்.

வரையாடுகளை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் இ.ஆர்.சி. டேவிதார்; 1975-இல் அந்தப் பணியைச் செய்தார். அவர் நினைவாக அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாகத் தமிழக அரசு கொண்டாடுகிறது. 2024-இல் மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் நடந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் தெரிந்தன. ஒரு பெரிய கிராமத்தின் மக்கள்தொகைகூட இல்லை. அதுவும் ஒரே இடத்தில் அல்ல, ஒன்றோடொன்று தொடர்பற்ற முகடுகளில் சிதறிக் கிடக்கின்றன.

குகையின் குடி அதைவிட அரியது. 1940-களில் ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய ஆங்கஸ் ஹட்டன் என்ற ஆங்கிலேயர் ஓய்வு நேரமெல்லாம் இம்மலையின் உயிர்களைத் தேடித் திரிந்தார். அவர் சேகரித்த பாம்புகளைக் கொண்டு 1949-இல் மால்கம் ஸ்மித் விவரித்த குழிவிரியன் ஒன்று இன்றும் ஹட்டன் பெயரில் வழங்குகிறது. 1948-இல் ஹட்டன் பிடித்த பழந்தின்னி வௌவால் ஒன்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனது. சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது அங்கேயே கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது பற்கள் பொருந்தவில்லை. குறுமூக்குப் பழந்தின்னிக்கு மேல்தாடையில் இரண்டு ஜோடி வெட்டுப்பற்கள். இதற்கு ஒரே ஜோடி. வாலும் இல்லை. புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினம் என்று 1972-இல் அறிவித்து, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். உயிரோடு அதை மறுபடி பார்க்க 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பகலில் பாறைக் குகையில் தங்கி, இரவில் காட்டுப் பழம் தேடிப் போகும் இந்த வௌவால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை இதைக் காக்கிறது. ஆனால் அது தின்னும் பழமரம் தோட்டத்து விளிம்பில் நின்றால் அதை யார் காப்பது?

பாறையின் தொங்கு முகங்களில் வரிசையாகத் தொங்கும் பெருந்தேனீ அடைகளுக்கும் இதே கதைதான். கூடு பாறையில், பூ காட்டில். பூக்காலம் மாறினால் கூட்டம் இடம்பெயர்ந்து போய், பருவம் திரும்பியதும் வரும். இம்மலைகளின் ஆதிக்குடிகளான பளியர்கள் கொடி கட்டி இறங்கித் தேன் எடுத்தவர்கள். எந்தப் பாறைக்கு எந்த மாதம் தேனீ வரும் என்ற அவர்களின் அறிவு, காடு எப்போது எங்கே பூக்கிறது என்பதன் கணக்கும்கூட.

அறுந்த இடங்கள்

உச்சிச் சோலைகளில் வெடிப்பலா மரம் பூத்தால் சிங்கவால் குரங்கும் கருமந்தியும் மலை அணிலும் தேடி வரும். சிங்கவால் குரங்கு மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிறது. நடுவே தேயிலை வந்துவிட்டால் அதன் உலகம் அந்தத் துண்டுச் சோலையோடு முடிந்துபோகிறது.

யானைக்கு வேறு கணக்கு. கம்பம் பள்ளத்தாக்கு தெற்கே போகப் போகக் குறுகி, இரு பக்க மலைகளும் ஒன்றுகூடும் இடத்தில் முடிகிறது. அதன் வழியே பெரியாறு காடும் மேகமலையும் ஒரே காடு. 2023 ஏப்ரல் இறுதியில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை சில நாட்களிலேயே மேகமலைக்கு வந்து சேர்ந்தது நமக்குத்தான் வியப்பு. மே 27 அன்று அது கம்பம் நகரத் தெருக்களில் ஓடியதைப் பார்த்தோம். ஜூன் 5 அன்று பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு யானையை ஊர் மாற்றிவிடலாம். அதன் பாதைகளை யாரும் மாற்ற முடியாது.

2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் சரணாலயத்தையும் மேகமலைச் சரணாலயத்தையும் இணைத்து, 1,016 சதுர கிலோமீட்டரில் நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகம் உருவானது. முகடுகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே தொடராகப் பார்த்ததற்காக அதை நான் மனமார வரவேற்கிறேன். மிச்ச வேலை வரைபடத்துக்கு வெளியே இருக்கிறது. தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே தப்பி நிற்கும் சோலைத் துண்டுகளை ஒன்றோடொன்று மரங்களால் இணைக்க வேண்டும். மாசி, பங்குனியில் காய்ந்த புல்லுக்குத் தீ வராமல் காக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்களின் உயிரைக் குடித்தது இதே போன்ற புற்சரிவில் ஓடிய தீதான். அடிவாரத்து முள்காட்டைத் தரிசு என்று எழுதிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும்.

இதில் பள்ளத்தாக்கின் சொந்த நலனும் இருக்கிறது. இந்த மேற்கு முகத்தில் இறங்கும் நீர்தான் சுருளி அருவியாக விழுகிறது. மலையின் மறுபக்கத்து நீர் மூல வைகையாக ஓடுகிறது. இரண்டும் வைகையில் கூடி மதுரை வரை குடங்களை நிரப்புகின்றன. மேகத்தைப் பிடித்து வைத்து, மழை நின்ற பிறகும் கசியவிடுவது சோலையும் புல்லும். வரையாடு மேய்கிற முகட்டில் புல் இருக்கிறது என்றால் நம் ஆற்றில் நீருக்கு ஆதாரம் இருக்கிறது என்று பொருள். வரையாட்டைக் காப்பது விலங்குப் பிரியர்களின் வேலை என்று கம்பத்து விவசாயியும் மதுரைக்காரரும் ஒதுங்கி நிற்க முடியாது.

*(அடுத்த வாரம்: மலையின் மறுபக்கம் – மூல வைகை பிறக்கும் வருசநாடு)*