ஒட்டி வரும் விருந்தினர்

ஜமுனாமரத்தூரில் வாழும் நமக்குக் கடல் வெகு தொலைவு. ஜவ்வாது மலையின் மேலே சாமை வயலும், புளிய மரமும், காட்டுத் தேனுமே நாம் நாள்தோறும் காண்பவை. ஆயினும் சென்ற மழைக்காலத்தில் நம் இல்லத்துத் திண்ணைக்கே கடல் வந்து சேர்ந்தது. அது ஒரு கடிதத்தின் வடிவில் வந்தது.

எழுதியவர் இம்மலையில் பிறந்து, இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்து, இன்று சென்னையில் மனைவி மகளுடன் வாழும் இளைஞர். தம் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி அமைத்து, உப்பு நீர் நிரப்பி, பாறைகளை அடுக்கி, மென்பவளங்களையும் இரண்டு கோமாளி மீன்களையும் வளர்த்து வந்தார். ஒருநாள் பாறை இடுக்கில் பழுப்பு நிறத்தில், கண்ணாடி போன்ற மெல்லிய பூ ஒன்று விரிந்திருந்தது. வாங்காமலே வந்த அழகு என்று வீட்டார் மகிழ்ந்தனர். மூன்று மாதத்தில் அது ஐம்பதாயிற்று. அதன் இதழ் பட்ட பவளங்களெல்லாம் சுருங்கிக் கருகின. இளைஞர் இடுக்கியால் பிய்த்தார், கத்தியால் சுரண்டினார். பிய்க்கப் பிய்க்கப் பெருகிற்று.

"சுவாமி, செலவும் மனவேதனையும் தாங்க முடியவில்லை. மகள் மட்டும் மீன்களுக்காக அழுகிறாள். ஒரு ஞாயிறு மாலை எல்லாவற்றையும் வாளிகளில் அள்ளிக் கடலில் விட்டுவிட எண்ணியுள்ளேன். கடலிலிருந்து வந்தவை கடலுக்கே போகட்டும். இதில் தவறுண்டா?" என்று கடிதம் முடிந்திருந்தது.

அவ்வேளை நம்மைக் காண வந்திருந்த முதிய உழவர் ஒருவருக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினோம். அவர் கடலையே கண்டறியாதவர். சற்று யோசித்துவிட்டு, "சாமி, இது உண்ணிச் செடியை அரிவாளால் வெட்டிய கதை. வேரை விட்டுத் தலையை வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் தழைக்கும்" என்றார். நாம் வியந்து போனோம். உயிரியல் நூல்கள் கூறுவதும் ஏறக்குறைய அதுவே!

அந்தப் பூ பூவன்று. கடற்சாமந்தி இனத்தைச் சேர்ந்த விலங்கு. ஐப்டேசியா என்பது அதன் பெயர். அதன் பாதத்திலிருந்து பிரியும் சிறு துணுக்கு ஒவ்வொன்றும் தனி உயிராக வளரவல்லது. ஆகவே சுரண்டி எடுப்பது களையெடுப்பதாகாது, விதைப்பதேயாகும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பே இங்கு மருந்தாகிறது. ஆயின் கடைச் சுண்ணாம்பில் பிற பொருள்கள் கலந்திருக்கலாம். தூய கால்சியம் ஹைட்ராக்சைடே வேண்டும். அதனைக் குழம்பாகக் கரைத்து, நீரோட்டக் கருவியை நிறுத்திவிட்டு, ஊசிக் குழலால் அவ்வுயிரின் வாயினுள் மெல்லச் செலுத்த வேண்டும். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை உயர்த்துமாதலால் ஒரே நாளில் பலவற்றைத் தாக்கலாகாது. கைக்கும் கண்ணுக்கும் காப்பு அவசியம்.

இயற்கையும் சில துணைவரைத் தந்துள்ளது. பெர்கியா என்னும் ஓடற்ற கடல் நத்தை ஐப்டேசியாவையன்றி வேறொன்றையும் உண்ணாது. அது தீர்ந்தால் தானும் பட்டினியால் மடியும். லிஸ்மேட்டா இனத்து இறால்களுள் சில இதனை உண்ணும். சிலவேளை பவளத்தையும் கொறிக்கும். நீண்ட மூக்குடைய வண்ணத்துப்பூச்சி மீனும் உண்ணும். ஆனால் சிறு தொட்டியில் அதனைப் பேணுதல் கடினம். தீனியை அளவோடு இடாத வீட்டில் இவற்றுள் எதுவும் பயன் தராது. மிஞ்சிய தீனியே பகைவனுக்கும் உணவாகும்.

இன்னோர் எச்சரிக்கை உயிரைப் பற்றியது. பாறையை அடுப்பிலிட்டுக் கொதிக்க வைத்தால் எல்லாம் மடியுமே என்று சிலர் எண்ணுவர். பொத்தான் பவளம் எனப்படும் சோயாந்திட் இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கும்போது எழும் ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனை சேர்ந்தவர்கள் உண்டு. ஆகவே பாறையை வேகவைத்தல் ஒருபோதும் கூடாது.

தட்டைப் புழுக்கள் பெருகினாலும் அவசரம் ஆகாது. அவை ஒருசேர மடிந்தால் வெளியாகும் நஞ்சு மீன்களையும் கொல்லக்கூடும். முதலில் குழாய் வைத்து இயன்றவரை உறிஞ்சி அகற்றி, பிறகே மருந்திட்டு, உடனே நீரை மாற்றிக் கரி வடிகட்டியும் வைத்தல் வேண்டும். மீனுடலில் வெண்புள்ளி கண்டால் செம்பு மருந்து உதவும். ஆனால் அது பவளத்தையும் இறாலையும் அழிக்கும். ஆதலின் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றியே மருந்திடல் வேண்டும்.

எல்லாப் புழுவும் பகையன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். மயிர்க்கால் புழுக்களுள் பெரும்பாலானவை எச்சங்களைத் தின்று தொட்டியைத் துப்புரவு செய்பவை. வெறுங்கையால் தொட்டால் முள் தைக்கும். அதற்காக அழித்தொழிக்க வேண்டுவதில்லை.

இனி இளைஞரின் வினாவுக்கு வருவோம். கடலில் விடுவது தவறா? ஐயமின்றித் தவறே.

நம் மலையை நெருக்கும் உண்ணிச் செடி இம்மண்ணுக்கு உரியதன்று. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவிற்கு அழகுச் செடியாக வந்த அமெரிக்க இனம் அது. கடலிலும் இவ்வாறே நிகழ்ந்துள்ளது. மீன் காட்சித் தொட்டிகளுக்கென வளர்க்கப்பட்ட காலெர்ப்பா என்னும் பச்சைப் பாசி 1984 ஆம் ஆண்டு மொனாக்கோவின் கடற்கரையில் சிறு திட்டாகக் காணப்பட்டது. பின்னர் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவிற்று. அதே பாசி 2000 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தோன்றியபோது, திரையிட்டு மூடிக் குளோரின் செலுத்தி, 2006 இல் முற்றும் ஒழிந்ததென அறிவிக்க ஆண்டுகள் ஆறு தேவைப்பட்டன.

நம் மன்னார் வளைகுடாவும் இத்துன்பத்தை அறியும். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளை உள்ளடக்கி 1986 ஆம் ஆண்டு அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. வாணிகத்திற்காக மிதவைகளில் வளர்க்கப்பட்ட கப்பாபைக்கஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்து மூடியதை 2008 ஆம் ஆண்டு ஆய்வாளர் வெளியிட்டனர். அதுவும் ஒடிந்த துணுக்கிலிருந்து முளைப்பதே.

ஆகவே இளைஞருக்கு இவ்வாறு எழுதினோம்: "மகனே, உன் வாளியில் உள்ளவை எந்தக் கடலிலிருந்து வந்தவை என்று உனக்குத் தெரியுமா? பசிபிக்கில் பிறந்தது வங்கக் கடலுக்கு உறவாகாது. மீன்களை, பேணத் தெரிந்தவரிடம் கொடு. நீரில் வெளுப்புத் தூள் கலந்து, ஒருநாள் கழித்துக் கழிவுநீர்க் குழாயில் விடு. மழைநீர்க் கால்வாயில் விடாதே. உயிர் நீங்கிய பாறைகளை வெயிலில் பல வாரம் உலர்த்து. வளர்ப்பதையே தொடர்வாயானால், புதிதாய் வருவது எதுவாயினும் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே உள்ளே சேர். மேலும், 2001 ஆம் ஆண்டு முதல் பாறை கட்டும் பவளங்கள் யாவும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நம் கடலிலிருந்து அவற்றைப் பெயர்ப்பது குற்றம். விற்பவரிடம் அது எங்கிருந்து வந்ததென்று கேள். விடை சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதே."

நான்கு மாதம் கழித்து விடை வந்தது. தொட்டியைக் கலைக்கவில்லையாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் தந்தையும் மகளும் அமர்ந்து, அவள் விளக்குப் பிடிக்க, அவர் சுண்ணாம்பு செலுத்துகின்றனராம். ஐம்பது இப்போது ஏழாகியிருக்கிறது. இரண்டு பவளங்கள் மடிந்தன, மீன்கள் பிழைத்தன. "முற்றும் ஒழியுமா என்று தெரியவில்லை, சுவாமி, ஆனால் கடலுக்குக் கொண்டு போகமாட்டோம்" என்று எழுதியிருந்தார். அடியில் மகளின் கோணல் எழுத்தில் மீன்களின் நலமும் இருந்தது.

உழவரிடம் இதனைக் கூறினோம். "ஏழு இருக்கிறதா? அப்படியானால் இன்னும் அரிவாளைக் கீழே வைக்கச் சொல்லாதீர்கள், சாமி" என்று சொல்லிவிட்டுத் தம் வயலுக்குப் புறப்பட்டார். அன்பு வாசகர்களே, அழகென்று நம் வீட்டு வாசலுக்குள் நாம் கொணரும் ஒவ்வொன்றையும் உள்ளே விடுமுன் ஒருமுறை உற்று நோக்குவோம். உள்ளே வந்துவிட்ட தீங்கை அண்டை வீட்டு வேலிக்கு மேல் எறியாமல், நாமே பொறுமையுடன் களைவோம்.