திங்கட்கிழமை நெஞ்சு இறுக்கம்: சீரியலில் வராத பஞ்சாலை நோய்

டி.வி. சீரியலின் ஆஸ்பத்திரிக் காட்சிகளில் நோய் திடீரென்று வரும், திடீரென்று போகும். தலையில் அடிபட்டால் எல்லாம் மறக்கும். மறுபடி அடிபட்டால் நினைவு திரும்பும். மானிட்டரில் கோடு நேரானதும் மின் அதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்பார்கள். உண்மையில் கோடு நேராகிவிட்ட இதயத்துக்கு மின் அதிர்ச்சி பயன்படாது; நெஞ்சை விடாமல் அழுத்துவதும் மருந்து செலுத்துவதுமே அங்கே சிகிச்சை.

திருப்பூர், பல்லடம், அவிநாசி, உடுமலை வட்டாரத்து நூற்பாலைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நோய் இப்படித் திடீரென்று வருவதில்லை. பல வருடங்களில் மெல்ல வளரும். அதன் பெயர் பிஸினோசிஸ். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இது.

எப்படி வருகிறது?

பஞ்சுப் பொதியோடு காய்ந்த இலைத் துணுக்கு, மண், பாக்டீரியா எல்லாம் சேர்ந்தே மில்லுக்குள் வருகின்றன. அந்த பாக்டீரியாவின் உறையிலுள்ள எண்டோடாக்ஸின் என்ற நச்சுப்பொருள் மூச்சுக்குழாய்களைச் சுருங்கவைப்பதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. பொதியைப் பிரிக்கும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும்தான் தூசி மிக அதிகம். பனியன் கம்பெனிகளின் நிட்டிங், கட்டிங் பிரிவுகளில் ஆபத்து குறைவு.

எப்படித் தெரியும்?

வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில், ஷிப்ட் தொடங்கிய சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும். இருமல் வரும், மூச்சு வாங்கும். செவ்வாய், புதனில் தணிந்துவிடும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்த பிறகு வந்தால், தண்ணீர் மாறியதால் என்று பலரும் விட்டுவிடக்கூடும். தூசியிலேயே தொடர்ந்தால் வாரம் முழுக்க இறுக்கம் இருக்கும். கடைசியில் விடுமுறையிலும் மூச்சு வாங்கும். அந்தக் கட்டத்தில் நுரையீரல் இழந்த திறன் முழுதாகத் திரும்பாது. புகைப்பழக்கம் இருந்தால் பாதிப்பு இன்னும் கடுமை.

எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. ஆஸ்துமா என்றே நினைத்துவிட வாய்ப்புண்டு. விடுமுறை கழிந்த முதல் நாளில் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனைதான் உதவும்.

தடுக்க முடியுமா?

நிச்சயம் முடியும். அமெரிக்கா 1978-ல் நூல் உற்பத்திப் பிரிவுகளுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் பஞ்சுத் தூசிதான் இருக்கலாம் என்று வரம்பு விதித்தது. அதன்பின் அங்கே நோய் வெகுவாகக் குறைந்தது. தூசியைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சும் கருவி வேண்டும். இயந்திரத்தைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் வேக்குவத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் தேவை. அதுவும் உறிஞ்சும் கருவிக்கு மாற்று ஆகாது.

1948-ம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் பிஸினோசிஸைத் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்தது. மில்லில் வேலை செய்து வந்த நோய் என்று உறுதியானால் அதை வேலையில் பட்ட காயமாகவே கருதி உதவித்தொகை தர வழி செய்தது. எனவே இ.எஸ்.ஐ. டாக்டரிடம் “சளி, இருமல்” என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வராதீர்கள். எந்தப் பிரிவில், எத்தனை வருடம் வேலை செய்கிறீர்கள், வாரத்தில் எந்த நாளில் நெஞ்சு இறுகுகிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள். சீக்கிரம் தூசியிலிருந்து விலகினால் நுரையீரலைக் காப்பாற்றலாம்.