குப்பை போகும் வழி – 9: பாதரசம் திரும்பிப் போகும் சுரங்கம்

போன வாரம் இந்தியாவின் 2016 திடக்கழிவு விதிகளில் நின்றோம். பெயின்ட் டப்பா, காலாவதி மாத்திரை, டியூப்லைட், ஊசி எல்லாவற்றையும் வீட்டு அபாயக் கழிவு என்று அந்த விதிகள் தனியாகப் பட்டியலிட்டன, அவற்றைக் கொடுக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்றன.  இந்த வாரம் லித்தியம் பேட்டரி பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் இதொமுகா வந்து பக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்காய்டோவில், கிடாமி நகராட்சிக்குள் அடங்கிய மலைக்காட்டில் இருக்கிறது இதொமுகா. 1936-ல் அங்கே பாதரசத் தாதுவைக் கண்டுபிடித்தார்கள். 1939-ல் சுரங்கம் ஓடத் தொடங்கியது. பாதரசம் வழக்கமாகக் கந்தகத்தோடு சேர்ந்து, நம் சித்த வைத்தியர்கள் நன்கறிந்த சாதிலிங்கமாகத்தான் மண்ணில் கிடைக்கும். இதொமுகாவிலோ சாதிலிங்கத்தோடு, பாறை இடுக்குகளில் துளித்துளியாக, உலோகமாகவே நின்றது. அது போர்க்காலம். வெடிமருந்தைப் பற்றவைக்கும் ரசாயனத்துக்குப் பாதரசம் வேண்டியிருந்ததால் மலைக்குள் ஓர் ஊரே எழுந்தது.

பிறகு மினமாட்டா. தெற்கே கியூஷு தீவில் ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவு மீனுக்குள் போய், மீனிலிருந்து மனிதர்களின் மூளைக்குப் போனது. 1956-ல் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. காலப்போக்கில் ஆலைகள் பாதரசத்தைக் கைவிட்டன, விலை போகாத இதொமுகா 1970-களின் முற்பகுதியில் சுரங்கத்தை மூடியது.

என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்து வைத்திருந்தது அதற்குப் பின் நடந்ததுதான். தாதுவைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிக்கும் வேலை அந்த ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கும். உலையில் போடுவது பாறையா, பழைய பேட்டரியா என்று அது பார்ப்பதில்லை. அதே இடத்தில், அதே அறிவை வைத்துக் கழிவிலிருந்து பாதரசம் எடுக்கத் தொடங்கினார்கள். ஜப்பான் தன் வீட்டுக் குப்பையில் பெரும்பகுதியை எரிக்கிற நாடு. குப்பையோடு எரிந்த பேட்டரியின் பாதரசம் புகைபோக்கி வழியே வெளியேறுவது 1980-களில் பெரும் கவலையானது. நகராட்சிகள் பேட்டரியைத் தனியே வாங்கி இதொமுகாவுக்கு அனுப்ப ஆரம்பித்தன. டியூப்லைட்டும் சேர்ந்துகொண்டது. 1990-களின் தொடக்கத்திலேயே ஜப்பானிய நிறுவனங்கள் சாதாரண பேட்டரியில் பாதரசம் சேர்ப்பதை நிறுத்திவிட்டன. ஆனாலும் மேஜை டிராயரில் கிடக்கும் பழையதை யார் பிரித்துப் பார்ப்பது? எல்லாவற்றையும் வாங்குகிறார்கள்.

ஜப்பானில் குடும்பங்களுக்கு வாசலில் சொல்லப்படும் விதிகளை, இதொமுகா என்ற இந்தக் கடைசி நிறுத்தத்திலிருந்து பின்னோக்கிப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிகிறது. டியூப்லைட்டை உடைக்காதே, புதியது வந்த அட்டை உறையிலேயே பழையதைப் போட்டுக் கொடு என்று பல ஊர்களில் சொல்கிறார்கள். உள்ளே இருப்பது சில மில்லிகிராம் பாதரசம்தான். உடைந்தால் ஆவியாகி அந்த அறையிலேயே தங்கிவிடும், உலைக்குப் போய்ச் சேராது. குப்பையை நசுக்கும் லாரியில் ஏற்றாமல் தனியாக எடுத்துப் போவதும் அதனால்தான். எங்கே முடியும் என்று தெரிந்த பயணத்துக்குத்தான் ஒழுங்கான விதி எழுத முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சேகரிப்பு மையம் வரை மட்டும் யோசித்துவிட்டு, பிரித்துப் போடுங்கள் என்று மக்களிடம் சொல்வது பாதி விதி.

பாதி யோசித்த விதி என்ன செய்யும் என்பதற்கும் அதே ஹொக்காய்டோவில் ஒரு சாட்சி உண்டு. ஸ்ப்ரே டப்பாவில் எரிவாயு மிச்சமிருந்தால் நசுக்கும் லாரிக்குள் தீப்பிடிக்கும். அதனால் டப்பாவில் ஓட்டை போட்டுக் கொடுக்கச் சொன்ன நகராட்சிகள் ஜப்பானில் பல. லாரியில் இருந்த ஆபத்து அடுப்பங்கரைக்கு இடம் மாறியது. ஓட்டை போடும்போது வீடுகளில் தீ விபத்துகள் நடந்தன. ஓட்டை போடச் சொல்லாதீர்கள் என்று சுற்றுச்சூழல் அமைச்சகமே நகராட்சிகளைக் கேட்டுக்கொண்டது. 2018 டிசம்பரில் சப்போரோ நகரத்து அலுவலகம் ஒன்றில், தூக்கிப் போடுவதற்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்ப்ரே டப்பாக்களை அறைக்குள்ளேயே அழுத்திக் காலி செய்தார்கள். பிறகு கை கழுவ வெந்நீர் ஹீட்டரைப் போட்டதும் அறை வெடித்தது. பக்கத்து உணவகமும் சேர்ந்து சரிந்தது. காயமடைந்தவர்கள் நாற்பதுக்கும் மேல்.

இப்போது இதை எழுதுவதற்கு அவசரக் காரணமும் உண்டு. மினமாட்டாவின் பெயரைத் தாங்கிய சர்வதேச உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2023-ல் ஜெனிவாவில் கூடி, டியூப்லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 இறுதிக்குள் நிறுத்துவதென்று முடிவெடுத்தன. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. எல்.இ.டி. மாட்டும் கையோடு கடைசி டியூப்லைட்டுகள் நம் வீடுகளிலிருந்து கூட்டமாக வெளியேறும் ஆண்டுகள் இவை. தெருமுனைக் குப்பைத்தொட்டியில் சாய்த்து வைத்த டியூப்லைட்டைப் பையன்கள் உடைத்து விளையாடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். பழைய டியூப்லைட்டை முழுசாகவே, உறையில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உடைந்துவிட்டால் ஏ.சி.யை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் பத்து நிமிடம் வெளியே இருங்கள். விளக்குமாறும் வேண்டாம், வாக்குவம் கிளீனரும் வேண்டாம். கெட்டி அட்டையால் சில்லுகளை வாரி, ஒட்டும் டேப்பால் தூளை ஒற்றி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டு மூடுங்கள். உங்கள் வார்டு அலுவலகத்தில் இதை எங்கே கொடுப்பது, அங்கிருந்து அது எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். கிடைக்கும் பதிலை எனக்கு எழுதுங்கள். லித்தியம் பேட்டரி அடுத்த வாரம்.