மீன்தொட்டி வைக்க விரும்புவோருக்கு: முதலில் தண்ணீரை வளருங்கள்



பிளெய்ன்ஸ்பரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் எம்மவர் வீடுகளுக்குப் போகும்போது ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறேன். கராஜிலோ பல்கனியிலோ ஒரு வெறுங் கண்ணாடித்தொட்டி கவிழ்ந்து கிடக்கும். விசாரித்தால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது, வாங்கிக் கொடுத்தோம், இரண்டு கிழமைக்குள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன, பிள்ளை அழுதது, இனி வேண்டாம் என்று விட்டுவிட்டோம். "எங்களுக்கு மீன் ராசி இல்லை" என்று முடிப்பார்கள்.

இதில் ராசிக்கு வேலை இல்லை. ஊரிலே கிணற்றில் மீன் விட்டு வளர்த்த அனுபவம் எம்மில் பலருக்கு இருக்கிறது. கிணற்றில் மீன் சும்மா வாழ்ந்தது, கண்ணாடித்தொட்டியில் மட்டும் ஏன் சாகிறது என்பதுதான் கேள்வி. இரண்டு தண்ணீரும் வேறுவேறு என்பதே அதற்கு விடை. அந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் மீன் வளர்ப்பு மிகச் சுலபம். நானும் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு 20 கலன் தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குழாய்த் தண்ணீரில் என்ன இருக்கிறது?

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தலில் வெள்ளையாகப் படியுமே தவிர அதில் குளோரின் கிடையாது. இங்கே பிளெய்ன்ஸ்பரோ பகுதிக்கு நியூ ஜேர்சி அமெரிக்கன் வோட்டர் நிறுவனம் தண்ணீர் தருகிறது. ராரிற்றன், மில்ஸ்டோன் ஆறுகளிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து, குழாய்களில் கிருமி வளராதிருக்க மருந்து கலந்து அனுப்புகிறார்கள். அந்த மருந்து பெரும்பாலும் குளோரமீன். குளோரினையும் அமோனியாவையும் சேர்த்து உண்டாக்குவது. பெயரில் மீன் இருந்தாலும் மீனுக்கு அது பகை.

நாம் குடிப்பதற்கு அதனால் கெடுதல் இல்லை. ஒரு லீற்றருக்கு 4 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வரையறுத்திருக்கிறது. எமது வயிற்றில் அது சிதைந்துவிடும். மீனுக்கோ செவுள் வழியாக நேரே இரத்தத்துக்குள் போய்விடும்.

"வாளியில் பிடித்து ஒரு இரவு வைத்தால் குளோரின் போய்விடும்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தனிக் குளோரினுக்கு அது சரி. குளோரமீன் அப்படிப் போகாது, பல நாட்கள் நிற்கும். ஆகவே மீன் கடைகளில் விற்கும் தண்ணீர் பதப்படுத்தும் திரவம் ஒன்று கட்டாயம் வேண்டும். வாங்கும்போது போத்தலைத் திருப்பிப் பாருங்கள். குளோரினை நீக்கும் என்று மட்டும் இருந்தால் போதாது, குளோரமீனையும் அமோனியாவையும் கவனிக்கும் என்று எழுதியிருக்க வேண்டும். குளோரமீன் உடையும்போது அதிலிருந்த அமோனியா வெளியே வரும், அதையும் அடக்கவேண்டும் என்பதே காரணம்.

ஒவ்வொரு வருடமும் யூலை 1ம் திகதிக்குள் தண்ணீர் நிறுவனம் தனது தண்ணீர்த்தர அறிக்கையை வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்பது சட்டம். எந்த மருந்து கலக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். குழாய்களைத் துப்புரவாக்குவதற்காகச் சில கிழமைகள் குளோரமீனை நிறுத்தித் தனிக் குளோரின் விடுவதும் உண்டு. தண்ணீர் வழமையை விட மணத்தால், அந்த நாட்களில் தொட்டிக்கு விடும் தண்ணீரைக் கூடுதல் கவனமாகப் பதப்படுத்துங்கள்.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனம்

நான் சொல்ல வந்த முக்கியமான விடயம் இனித்தான் வருகிறது. மீன்களைக் கொல்வது பெரும்பாலும் வருத்தமல்ல, தன் கழிவுதான். மீனின் செவுளாலும் கழிவாலும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதாலும் அமோனியா உண்டாகிறது. கிணற்றில் அல்லது குளத்தில் தண்ணீர் அதிகம், மீன் குறைவு, அதோடு அந்த அமோனியாவைத் தின்று வாழும் பக்ரீரியாக்கள் கல்லிலும் சேற்றிலும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. புதிய கண்ணாடித்தொட்டியில் அவை இல்லை.

இந்தப் பக்ரீரியாக்கள் அமோனியாவை முதலில் நைத்திரைற்று என்ற பொருளாக மாற்றும். அதுவும் நஞ்சு. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காமல் செய்துவிடும். அடுத்த கட்டத்தில் அது நைத்திரேற்று ஆகும். அளவோடு இருந்தால் மீன் அதைத் தாங்கும், செடிகளுக்கு அது பசளை. யாழ்ப்பாணக் கிணறுகளில் உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் கூடிவிட்டது என்று பேசப்படுகிறதே, அதே நைத்திரேற்றுத்தான்.

மண்ணில் இந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களை ருஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி 1890ம் ஆண்டளவில் கண்டறிந்தார். நன்னீர் மீன்தொட்டிகளில் இரண்டாம் கட்ட வேலையைச் செய்வது நைத்திரோஸ்பைரா என்ற இனம் என்பது 1998இல்தான் தெரியவந்தது. 2015இல் அந்த இனத்திலேயே இரண்டு கட்ட வேலையையும் ஒன்றாகச் செய்யும் வகைகள் இருப்பது தெரிந்தது. அதைக் கண்ட இரண்டு ஆய்வுக் குழுக்களில் ஒன்றுக்கு அது அகப்பட்டது மீன் வளர்க்கும் தொட்டிகளின் வடிகட்டியில்!

உறைமோர் வாங்குவது போல

பாலுக்குள் உறைமோர் விடாமல் தயிர் வருமா? தொட்டியும் அப்படித்தான். பக்ரீரியா குடியேற 4 முதல் 6 கிழமை வரை எடுக்கும். கடையிலிருந்து தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் கொண்டுவந்தால், உறை ஊற்றாத பாலைத் தயிர் என்று பரிமாறுவது போல.

செய்யவேண்டியது இவ்வளவுதான். தொட்டியில் கல், செடி, வடிகட்டி, வெப்பமாக்கி எல்லாம் போட்டு, பதப்படுத்திய தண்ணீர் விட்டு ஓடவிடுங்கள். மீன் விடாதீர்கள். மீன்தொட்டிக்கென்றே விற்கும் அமோனியாத் திரவத்தை, பரிசோதனையில் 2 பிபிஎம் காட்டும் அளவுக்கு விடுங்கள். பிபிஎம் என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. துப்புரவுக்குப் பாவிக்கும் வாசனை கலந்த அமோனியா கூடாது. சொட்டுவிட்டு நிறம் பார்க்கும் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கி இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை பாருங்கள். முதலில் அமோனியா குறைந்து நைத்திரைற்று ஏறும், பின் அதுவும் விழுந்து நைத்திரேற்று ஏறும். விட்ட 2 பிபிஎம் அமோனியா 24 மணி நேரத்துக்குள் மறைந்து, நைத்திரைற்றும் சைபர் காட்டினால் உறைந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பகுதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடலாம்.

குறுக்குவழி ஒன்றும் உண்டு. நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடம் வடிகட்டி ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் வடிகட்டிக்குள் வையுங்கள். அயல்வீட்டில் உறைமோர் வாங்குவதற்குச் சரி. காத்திருக்கும் காலம் பாதிக்கு மேல் குறையலாம். ஆனால் அது நோயில்லாத தொட்டியாக இருக்கவேண்டும், காயவிடாமல் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவரவேண்டும். எமது நேயர்களுக்குள் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தால் நல்லது.

எந்தத் தொட்டி, எந்த மீன்?

புதிதாகத் தொடங்குவோருக்கு 20 கலன், அதாவது ஏறக்குறைய 76 லீற்றர் தொட்டி நல்லது. சின்னத் தொட்டிதான் சுலபம் என்று நினைப்போம், நிலைமை மறுபக்கம். தண்ணீர் குறைந்தால் ஒரு சிறு பிழையும் உடனே நஞ்சாகும். 20 கலன் தண்ணீர் மட்டுமே 167 இறாத்தல் பாரம். கண்ணாடி, கல்லோடு சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். அதற்கென்று செய்த தாங்கி வேண்டும். அப்பார்ட்மென்ற்றில் இருப்போர் வாடகை ஒப்பந்தத்தில் தொட்டி அளவுக்குக் கட்டுப்பாடு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் படும் யன்னலும் ஹீற்றிங் காற்று அடிக்கும் இடமும் வேண்டாம். மின்கம்பி தாழ்வாகத் தொங்கி வளைந்து பிளக்குக்கு ஏறவேண்டும், அப்போதுதான் கம்பி வழி வரும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும்.

தங்கமீனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது ஒரு சாணுக்கு மேல் வளரும், கழிவும் அதிகம்.

நான் சிபாரிசு செய்வது செரி பார்ப் என்ற சிறு மீனை. ஆண்மீன் செரிப்பழச் சிவப்பு, இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராது. அது எங்கள் தீவுக்கே சொந்தமான மீன். களனி முதல் நில்வளவை வரையுள்ள தென்மேற்குக் காட்டு ஓடைகளில் வாழ்வது. 1929இல் பி. ஈ. பி. தெரணியகல அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது, தித்தெயா என்ற சிங்கள ஊர்ப்பெயரையே அதில் சேர்த்தார். கிணற்றடியில் வளர்ந்த எம்மில் பலர் ஊரில் அதைக் கண்டதே இல்லை, அமெரிக்கக் கடையில்தான் காண்கிறோம். கடைக்கு வருபவை பெரும்பாலும் பண்ணையில் பொரித்தவை, ஆகவே அந்த ஓடைகளுக்குக் கேடில்லை. கடை வெளிச்சத்தில் வெளிறிப்போய் இருக்கும். செடி அடர்ந்த தொட்டியில், அடியில் கருங்கல் பரப்பி, 76 முதல் 78 பாகை பரன்ஹைட் வெப்பத்தில் வைத்தால் சில கிழமைகளில் நிறம் எடுக்கும். 20 கலனுக்கு 8 போதும். முதலில் 4, இரண்டு கிழமை கழித்து 4 என்று விடுங்கள். ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கு நல்லது.

கிழமைக்கு அரை மணி நேரம்

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. இவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, பதப்படுத்திய, அதே வெப்பமுள்ள தண்ணீர் விடுங்கள். முழுத் தண்ணீரையும் மாற்றி, கல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள். அது குடித்தனத்தையே கலைப்பது.

2. வடிகட்டி ஸ்பொஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது. குளோரமீன் பக்ரீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும்.

3. தீனி ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. விருந்தினரை உபசரிப்பது போல "இன்னும் கொஞ்சம்" என்று போடுவதுதான் எம்மவர் தொட்டிகளுக்கு வரும் பெரிய ஆபத்து.

4. கோடை விடுமுறைக்கு ரொறன்ரோ போகிறீர்களா? வளர்ந்த மீன் நாலைந்து நாள் தீனி இல்லாமல் இருக்கும். தெரியாதவரிடம் தீனி டப்பாவைக் கொடுப்பதை விடச் சும்மா விடுவது மேல்.

5. மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுவாங்கினால், மருந்துக் கடையைத் தேடுமுன் அமோனியாவையும் நைத்திரைற்றையும் பாருங்கள், பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

மின்சாரம் போனால்

2012 ஒக்ரோபர் 29இல் சாண்டி புயல் அடித்தபோது நியூ ஜேர்சியில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. பல வீடுகளில் நாட்கணக்காக வரவில்லை. பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று அதிக விலை இல்லை, வாங்கி வையுங்கள். மின்சாரம் நின்றால் தீனியை நிறுத்தி, தொட்டியைக் கம்பளியால் சுற்றி, பம்பைப் போடுங்கள். பம்பு இல்லாவிட்டால் கோப்பையால் அள்ளி உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றுங்கள்.

குளத்தில் விடாதீர்கள்

வளர்க்க முடியாத மீனைக் குளத்தில் விடுவது புண்ணியம் என்று நினைக்கவேண்டாம். பிளெய்ன்ஸ்பரோ பிரிசேர்விலுள்ள மக்கோர்மக் ஏரியிலோ மில்ஸ்டோன் ஆற்றிலோ விட்டால், குளிரில் அந்த மீன் சாகும், அல்லது பிழைத்து அங்குள்ளவற்றைக் கெடுக்கும். 2002இல் மேரிலாந்தின் குரொப்ரன் ஊரில் ஒருவர் விட்ட இரண்டு மீன் பெருகி, அந்தக் குளத்துக்கே நஞ்சூற்ற வேண்டிவந்தது. அது எமது விராலின் உறவு. அந்த ஆண்டே விரால் குடும்பத்து மீன்களை உயிருடன் இறக்குமதி செய்வதை அமெரிக்கா தடைசெய்தது. வேண்டாத மீனைக் கடையில் கேட்டுக் கொடுங்கள், அல்லது இன்னொரு நேயருக்குக் கொடுங்கள்.

இறுதியாக வீட்டிலுள்ள முதியோர் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், பனிக்காலத்தில் வெளியே இறங்கமுடியாமல், பேச ஆளில்லாமல் இருக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் எம்மில் அதிகம். தோட்டமும் மாடும் கோழியும் பார்த்த கைகள் அவை. அவர்களிடம் தொட்டியைப் பொறுப்புக் கொடுங்கள். ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்றில் கிழமைக்கான தீனியை அளந்து போட்டு வைத்தால் கூடவும் மாட்டாது, மறக்கவும் மாட்டாது. பாரமான வாளி தூக்குவதைப் பேரப்பிள்ளை பார்க்கட்டும். எந்த மீன் இன்று தின்னவில்லை என்று முதலில் கண்டுபிடிப்பது அவர்களாகத்தான் இருக்கும்.

கவிழ்த்து வைத்த தொட்டியை இந்தக் கிழமை நிமிர்த்துங்கள். மீனுக்கு ஒன்றரை மாதம் பொறுங்கள்.