மேலே ஒரு கப்பி, கீழே நூறு கப்பி

தம்பி மகன் பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண் சலித்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் வெயிலில் காய்ந்த தோட்டத்து மண். கல்லும் வேரும் சல்லடையில் தங்க, மிச்சம் மாவு போல் கீழே விழுந்தது. துளசி மாடத்துக்கா என்று கேட்டேன்.

"இல்ல பெரியப்பா, மீன் தொட்டிக்கு."

நான் மீன் வளர்த்த காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் கடைக்காரர் சிரித்திருப்பார். தொட்டிக்குள் ஒரு துளி மண் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றைக்கு மீன் வளர்ப்பு.

1983-ல் அப்பா என்னை மூர் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனார். சென்னை சென்ட்ரலை ஒட்டி, 1900-ல் திறக்கப்பட்ட செங்கல் கட்டடம். பழைய புத்தகம், லவ் பேர்ட்ஸ், முயல், மீன் எல்லாம் அங்கே கிடைக்கும். 1985 மே மாதம் தீப்பிடித்து எரிந்த பிறகு அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது. புறநகர் ரயில் அட்டவணையில் எம்.எம்.சி. என்று போட்டிருப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு மீன் தீனி வாசனைதான் வரும்.

அன்று வாங்கியது இரண்டடித் தொட்டி. இரும்பு ஆங்கிள் சட்டம், அதற்குள் கண்ணாடி, இரண்டுக்கும் நடுவில் மக்கு. ஆளி விதை எண்ணெயில் சுண்ணாம்புத் தூளைப் பிசைந்து அப்பிய மக்கு காய்ந்து வெடித்தால் தொட்டி ஒழுகும். அம்மா நாலு மூலையிலும் பழைய புடவைத் துணியைச் சுற்றி வைத்திருந்தார். சட்டத்தின் துரு தரையில் இறங்கி, தொட்டி போன பிறகும் அந்தச் சிவப்புக் கோடு மொசைக்கில் பல வருஷம் இருந்தது.

உள்ளே நீலக் கல். பிளாஸ்டிக் செடி. காற்று போனால் வாயைத் திறந்து குமிழி விடும் சிப்பி. தலைக்கு மேல் டியூப்லைட். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க வரும் தெருக்காரர்கள் எழுந்து போகும்வரை அது எரியும். மீன்கள் தூங்க வேண்டாமா என்று யாரும் கேட்டதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மீன் வாங்கி அன்றைக்கே விட்டோம். புதன்கிழமை காலையில் நாலு மிதந்தது. வந்தவர்கள் கண் பட்டுவிட்டது என்று பாட்டி படிகாரக் கட்டியைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டார். அது தண்ணீரில் விழாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். அடுத்து வாங்கியதும் அதே மாதிரி போனது. காரணம் பிற்பாடுதான் புரிந்தது. மீன் கழிவிலிருந்தும் மீந்த தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது செடிக்கு உரம். இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் பஞ்சிலும் குடியேறிப் பெருகுவதற்குள் ஒரு மாதம், சில சமயம் ஒன்றரை மாதம் ஆகிவிடும். நாங்களோ ஞாயிற்றுக்கிழமைதோறும் மீனைப் பக்கெட்டுக்கு மாற்றி, கல்லை அரிசி களைவது போல் குழாயடியில் தேய்த்துக் கழுவினோம். குழாய்த் தண்ணீரின் குளோரின் மீனைக் கொல்லும் என்று மட்டும் தெரியும். அதற்காகப் பக்கத்து போட்டோ ஸ்டுடியோவில் ஹைப்போ கேட்டு வாங்கி, ஒரு கல்லைத் தொட்டித் தண்ணீரில் கரைப்போம். அதே குளோரின் குழாயடியில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத குடித்தனத்தையும் துடைத்துப்போட்டது தெரியாது. எங்களுடையது வாராவாரம் புதுத்தொட்டி.

இத்தனைக்கும் அதே வீட்டுக் கொல்லையில், பத்தடி தள்ளி, கப்பி மீன் செழித்துக்கொண்டிருந்தது.

அயனாவரம் வீட்டுக் கிணறு அது. கொசு ஒழிக்க வந்த மாநகராட்சி ஆள் எந்த வருஷமோ ஒரு குவளை மீனை ஊற்றிவிட்டுப் போயிருந்தார். மேலே ராட்டினத்தை நாங்கள் கப்பி என்போம்; கீழே நீந்துவதும் கப்பி. மேலே ஒரு கப்பி, கீழே நூறு கப்பி என்று தாத்தா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். அந்த நூறுக்கு யாரும் தீனி போட்டதில்லை. உறையின் இடுக்கில் பெரணி முளைத்திருக்கும். அடியில் எத்தனையோ வருஷத்து வண்டல். வெயில் உச்சிப்பொழுதில் மட்டும் தண்ணீரைத் தொடும். வாளி இறங்கினால் மீன்கள் சுவரோடு ஒதுங்கும், ஏறினால் திரும்ப நடுவுக்கு வரும். கூடத்தில் செத்துக்கொண்டிருந்த மீனும் கொல்லையில் பெருகிக்கொண்டிருந்த மீனும் ஒரே சாதி என்பது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை. கூடத்து மீனுக்கு வால் நீளம், அவ்வளவுதான்.

கப்பி என்பது ஓர் ஆளின் பெயர். டிரினிடாட் தீவிலிருந்து ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் அனுப்பிய மீனுக்கு 1866-ல் லண்டனில் ஆல்பர்ட் குந்தர் அவர் பெயரை வைத்தார். வெனிசுவேலாவில் கிடைத்த அதே மீனுக்கு வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் 1859-லேயே பொய்சீலியா ரெட்டிகுலாட்டா என்று பெயர் சூட்டியிருந்ததால் அறிவியலில் நிலைத்தது அதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொசுப்புழு தின்ன இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வழியில்தான் எங்கள் கிணறு வரைக்கும் வந்து சேர்ந்தது.

வீட்டை பில்டருக்குக் கொடுத்து இப்போது நாலு மாடி. தம்பி மகன் இருப்பது முதல் மாடி. அவன் செய்யச் சொன்ன தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். அதாவது 12 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் நிரம்பத் தண்ணீர் விட்டால் 340 லிட்டர். கண்ணாடி, மண், கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் அரை டன்னை நெருங்கிவிடும். ஏழெட்டுப் பேர் ஒரே இடத்தில் ஓயாமல் நிற்பதற்குச் சமம். எனவே கூடத்தின் நடுவில் வைக்காமல், கீழே பீம் ஓடும் சுவரோரம் வைத்தான். அடியில் தெர்மாகோல். சட்டமும் இல்லை, மக்கும் இல்லை. பத்து மில்லிக் கண்ணாடியைச் சிலிக்கோன் ஒட்டிப் பிடித்திருக்கிறது. சுற்றிச் சுற்றி வந்து மூலைகளைத் தடவிப் பார்த்தேன். துணி தேவைப்படவில்லை.

கப்பிக்கு இவ்வளவு பெரிய தொட்டியா என்றேன். சின்னத் தொட்டியில் ஒரு மீன் செத்தால் தண்ணீரே கெட்டுவிடும், பெரியதில் நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும் என்றான். சித்திரை வெயிலுக்கும் அதே கணக்கு. 340 லிட்டர் அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது.

சலித்த மண்ணை ஓர் அங்குலம் பரப்பினான். அதன்மேல் ஒன்றரை அங்குலம் பொடிக்கல். டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999-ல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவிய முறையாம் இது. மண் செடிக்குச் சோறு, மீன் கழிவு குழம்பு, தனியாக உரமோ கரியமில வாயு சிலிண்டரோ வேண்டாம். ஜப்பானின் தகாஷி அமானோ வழியில் போகிறவர்கள் பளீர் வெளிச்சமும் சிலிண்டரும் வைத்து, புல்வெளி போல் வளர்த்து, வாராவாரம் கத்தரிக்கோலோடு நிற்பார்கள். பார்க்க அழகுதான். தோட்டக்காரனுக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வசதி இருந்தால் செய்யலாம்.

குறைந்த வெளிச்சத்துக்கென்றே செடிகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் அனுபியாஸ், தென்கிழக்காசியாவின் ஜாவா ஃபெர்ன். இவை இரண்டின் தண்டுக்கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகும். மரக்கட்டையில் நூலால் கட்ட வேண்டும். பிறகு கிரிப்டோகரைன். அதில் பல வகைகள் இலங்கை ஓடைகளைச் சொந்த ஊராகக் கொண்டவை. மர நிழலில் வளர்ந்து பழகியதால் கூடத்து மங்கலில் நன்றாக இருக்கும். எல்.ஈ.டி. விளக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் மட்டும். டைமர் போட்டிருக்கிறான். விளக்கைக் கூட்டினால் செடி உண்ணும் வேகத்துக்குக் கரியமில வாயு கிடைக்காது, மிஞ்சிய வெளிச்சத்தில் பாசிதான் கொழிக்கும். எங்கள் கண்ணாடி ஏன் எப்போதும் பச்சையாக இருந்தது என்பதற்கு நாற்பது வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது.

கட்டையைப் போட்ட நாலாம் நாள் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் பதறினேன். "சாயம்தான், மீனுக்கு ஒண்ணும் செய்யாது" என்றான். பத்தாம் நாள் கிரிப்டோகரைன் இலைகள் கண்ணாடி போல் ஒளி ஊடுருவி, கூழாகிக் கரைந்தன. சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிடுங்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான். இடம் மாறினால் அந்தச் செடி அப்படித்தானாம். இலை போகும், வேர் இருக்கும். மூன்றாம் வாரத்தில் பொடிக்கல்லைப் பிளந்துகொண்டு பழுப்பும் பச்சையுமாக ஒரு மொட்டு இலை, சுருட்டிய வெற்றிலை மாதிரி, எட்டிப்பார்த்தது. நான் எதையும் செய்யாமல் இருந்ததற்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு அது.

இத்தனை நாளும் தொட்டியில் ஒரு மீன் கிடையாது. ஐந்து வாரம் வெறும் தண்ணீருக்கு விளக்குப் போட்டு, நாளுக்கு ஒரு சிட்டிகை தீனியையும் போட்டு அழுகவிட்டான். சின்னக் கண்ணாடிக் குழாயில் சொட்டுமருந்து விட்டு அமோனியா பார்ப்பான், நைட்ரைட் பார்ப்பான், நோட்டில் எழுதுவான். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபேக்டர் என்று நான் கல்லூரியில் படித்ததைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். மீன் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-லேயே ஆய்வு வந்துவிட்டதாம். சரி, வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சு எடுபட்டது. கடையில் ஆர்.ஓ. தண்ணீர் விடச் சொன்னார்களாம். வேண்டாம் என்றேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதில்தான் நூறு கப்பி வாழ்ந்தது. அவனும் தேடிப் பார்த்துவிட்டு, கப்பிக்கு உப்பும் சுண்ணாம்பும் உள்ள கடினத் தண்ணீர்தான் ஏற்றது என்று ஒப்புக்கொண்டு போர் தண்ணீரையே நிரப்பினான்.

மீன் வாங்கக் கொளத்தூர் போனோம். மூர் மார்க்கெட் போன பிறகு வண்ண மீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தான். சிமென்ட் தொட்டிகளிலும் மொட்டை மாடிகளிலும் குடும்பம் குடும்பமாக வளர்க்கிறார்கள். எங்கள் காலத்தில் கப்பிக்குப் பெயர் கப்பி மட்டும்தான். இப்போது மாஸ்கோ ப்ளூ, ஃபுல் ரெட், கோப்ரா, யானைக் காது போல் துடுப்பு விரிந்த டம்போ. சிலவற்றுக்கு வால் உடம்பை விடப் பெரிது. பட்டுப்பாவாடை தடுக்கும் குழந்தை மாதிரி தடுமாறித் தடுமாறி நீந்துகின்றன. எனக்குப் பிடிக்கவில்லை. வால் சிறுத்த, சுறுசுறுப்பான ஆண் ஐந்து, பெண் பதினைந்து எடுக்கச் சொன்னேன். ஆண் அதிகமானால் பெண்ணை ஓயவிடாது. கல்லாவுக்குப் பக்கத்தில் பாதாம் மரச் சருகை அட்டையில் அடுக்கி விற்கிறார்கள், தண்ணீரில் போட. எங்கள் தெருவில் பெருக்கித் தள்ளுகிற சருகு. தொட்டியைச் சுத்தம் செய்ய சக்கர் மீன் வேண்டுமா என்றார்கள். ஒன்றரை அடி வளரும், அலுத்தவர்கள் ஏரியில் விட்டுவிடுவார்கள். இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலை போட்டால் அது ஏறுகிறது. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

தொட்டியின் அழகு விளக்கு எரியும்போது இல்லை. வயதானவனுக்கு ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஆறு மணிக்கு, ஜன்னலில் சாம்பல் வெளிச்சம் மட்டும் இருக்கும்போது பார்க்க வேண்டும். ஆண் மீன் உடம்பை ஆங்கில 'S' மாதிரி வளைத்து, துடுப்பெல்லாம் விரித்து, பெண்ணின் முன்னால் நடுங்கி நிற்கும். டிரினிடாட் ஓடைகளில் ஆராய்ந்த ஜான் எண்ட்லர் 1987-ல் இதை எழுதியிருக்கிறார்: பகைமீனின் கண்ணில் படாமலிருக்க, அதிகாலையிலும் அந்தியிலும் வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் அவை அதிகம் காதலிக்கின்றன. எங்கள் டியூப்லைட் அந்த நேரத்தையே கொடுக்கவில்லை.

காதலின் பலன் நாலு வாரத்தில் தெரிந்துவிடும். கப்பி முட்டையிடாது, குட்டி போடும். ஒருமுறை சேர்ந்த பெண், ஆணே இல்லாமல் பல மாதம் தொடர்ந்து ஈனும். செடிக்குள் ஒளிந்து தப்பியவை மட்டும் ஆறு மாதத்தில் இருநூறைத் தாண்டின. அடுக்ககத்தில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாகிவிட்டது. ஏரியில் விடக்கூடாது என்று நானே சொல்லிவிட்டேன்.

போன மாதம் கொசு மருந்து அடிக்கும் மாநகராட்சி ஊழியர் வந்தார். கார் நிறுத்தும் இடத்தில் தூணோரம் இரும்பு மூடியைத் தூக்கினார். மழைநீர்க் குழாய் இறங்குகிற இடம். டார்ச் அடித்ததும் உறை தெரிந்தது, உறையின் இடுக்கில் வெளிறிய பெரணி தெரிந்தது. எங்கள் கிணறு. நான் அதைத் தூர்த்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். தண்ணீர் பத்தடி கீழே இருந்தது. மீன் எதுவும் இல்லை. சுவரோரம் கொசுப்புழு நெளிந்தது.

"மீன் விட்டா போதும் சார், இதுக்கு மருந்தே வேணாம்" என்றார் அவர்.

தம்பி மகன் மாடிக்கு ஓடி ஒரு பக்கெட்டோடு வந்தான். அவர் எட்டிப் பார்த்தார். "என்ன சார் இவ்ளோ கலரு! நாங்க விடறதெல்லாம் சாம்பலா இருக்கும்."

கயிற்றைக் கட்டி பக்கெட்டை மெள்ள இறக்கினோம். இழுக்கத்தான் மேலே கப்பி இல்லை. விளிம்பில் உரசி உரசிக் கயிறு இறங்கியது. பக்கெட் சாய்ந்ததும் டார்ச் வட்டத்துக்குள் சிவப்பும் நீலமுமாகச் சிதறி, ஒரு நொடி நின்று, எல்லாம் சுவரோரத்துக்குப் போயின. "மூடட்டுமா சார்?" என்று கேட்டார். கொஞ்சம் இருங்கள் என்றேன்.