கிடை வண்டியில் விளக்கு நிற்கவில்லையா? பேட்டரியை மாற்றுவதற்கு முன் கணக்குப் பாருங்கள்

போன மாசி மாதம் ஒரு ராத்திரி எங்கள் கிடையில் விளக்கு அணைந்துபோனது. திருப்புல்லாணிக்குத் தெற்கே, நெல் அறுத்த வயலில் செம்மறிகளை மடக்கியிருந்தோம். விடியற்காலை மூன்று மணி இருக்கும். நாய்கள் வலைக்குள் புகுந்து மூன்று குட்டிகளைக் கடித்துப் போட்டுவிட்டன. டார்ச் லைட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இத்தனைக்கும் எங்களிடம் சோலார் வண்டி இருக்கிறது. பழைய டிராக்டர் டிரைலரில் தகரக் கூரை போட்டு, உள்ளே இரண்டு பேர் படுக்க இடம் செய்திருக்கிறோம். கூரை மேல் 100 வாட் சோலார் தகடு. உள்ளே 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி, ஒரு சின்ன இன்வர்ட்டர், 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு. கிடை வயலுக்கு வயல் மாறும்போது வண்டியும் கூடவே போகும்.

முதல் பேட்டரி அடிக்கடி படுத்தது. ‘பேட்டரி போச்சு’ என்று நானே முடிவு கட்டி, இரண்டு கிடாய்களை விற்றுப் புதுசு வாங்கி மாட்டினேன். குட்டிகள் செத்தது அந்தப் புது பேட்டரி மாட்டிய ஆறாம் நாள் ராத்திரி.

பாம்பனில் படகுகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் உறவுக்காரத் தம்பியைக் கூப்பிட்டேன். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணே, பேட்டரி சாகல. பட்டினி கிடக்கு” என்றான். அன்று அவன் காட்டிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரவும் செலவும்

கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததென்றால் அது நம் மாவட்டத்து வெயிலை நம்பித்தான். ஆகவே வெயிலைக் குறை சொல்ல முடியாது. 100 வாட் தகடு நல்ல வெயில் நாளில், சூடு, வயர், சார்ஜ் ஏறுவதில் வரும் இழப்பெல்லாம் போக, 350 முதல் 400 வாட் மணி வரை கொடுக்கும். இது வரவு.

செலவைப் பாருங்கள். இரண்டு பல்பும் ராத்திரி 11 மணி நேரம் எரிந்தால் 198 வாட் மணி. செல்போன் சார்ஜுக்கு ஒரு 20. மொத்தம் 220-க்குள். வரவை விடக் குறைவுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் கணக்கில் சேர்க்காதது இன்வர்ட்டர். பல்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும், சுவிட்சு போட்டிருந்தால் அது தனக்கென்று மின்சாரம் தின்னும். எங்களுடையது 15 வாட் தின்றது. 24 மணி நேரத்துக்கு 360 வாட் மணி! விளக்குக்குப் போவதை விட இது அதிகம். மொத்தச் செலவு 580. தினமும் 200 வாட் மணி துண்டு விழுந்தது. பேட்டரியின் முழு இருப்பே 1200-தான். ஆறு நாளில் குலுக்கை காலி.

வீட்டிலேயே செய்யும் சோதனை

ஒரு மல்டிமீட்டர் போதும். விடியுமுன், விளக்கு, இன்வர்ட்டர் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் அணைத்து வைத்துவிட்டுப் பேட்டரியின் வோல்ட்டைப் பாருங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.9-க்குக் கீழே போனால் காலி என்று வையுங்கள். ஒரு வாரம் தினமும் நோட்டில் குறித்து வாருங்கள். படிப்படியாக இறங்கினால் செலவு கூடுதல், இல்லை வரவு குறைவு. சாயங்காலம் நிறைந்திருந்து, குறைந்த செலவிலேயே ஒரே ராத்திரியில் காலியானால்தான் பேட்டரி மேல் சந்தேகப்பட வேண்டும்.

ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுசு குறையும். காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். என் முதல் பேட்டரி அப்படித்தான் கெட்டிருக்கும்.

கடற்கரைக்கென்று உள்ள தொல்லை

உப்புக் காற்று இரும்பைத் தின்பது நமக்குத் தெரியும். வயரையும் தின்னும். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வயரின் தோலைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்திருந்தது. இந்த இடங்களில் மின்தடை கூடி, ஏற வேண்டியது ஏறாது. பேட்டரியின் மேல்பக்கம் உப்பும் ஈரமும் படிந்தால் அதன் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

முதலில் சோலார் தகட்டின் வயரைக் கழற்றுங்கள். அதன்பின் பேட்டரியின் மைனஸ், பிறகு பிளஸ். தகடு மாட்டியிருக்கும்போதே பேட்டரியைக் கழற்றினால் சார்ஜ் கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம். ஆப்பசோடா கரைத்த தண்ணீரைத் துணியில் நனைத்து முனைகளையும் மேல்பக்கத்தையும் துடையுங்கள். பேட்டரி மூடிக்குள் அது இறங்கவே கூடாது. காய்ந்ததும் மாட்டி, முனைகளில் வாசலின் தடவுங்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். நம் ஊர் உப்புத் தண்ணீர் ஆகாது. சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் வாயு வரும். ஆகவே வண்டிக்குள் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது.

நாங்கள் மாற்றியவை

இன்வர்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டோம். 12 வோல்ட்டில் எரியும் 9 வாட் டி.சி. பல்புகளை சார்ஜ் கன்ட்ரோலரின் லோடு முனையிலேயே கொடுத்தோம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பேட்டரி ரொம்ப இறங்கினால் கன்ட்ரோலர் தானாகவே துண்டித்துவிடும். பேட்டரியில் நேரடியாக மாட்டிய இன்வர்ட்டருக்கு அந்தக் காவல் கிடையாது. செல்போனுக்கு 12 வோல்ட் கார் சார்ஜர். வயரைப் படகில் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு வயராக மாற்றினான் தம்பி.

தகட்டைத் தெற்கு பார்த்துச் சற்றுச் சாய்த்தோம். நம் பகுதிக்குப் பத்து டிகிரி போதும். படிந்த உப்பையும் தூசியையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்கிறோம். வண்டியைப் பனைமர நிழலில் நிறுத்துவதை விட்டுவிட்டோம். தகட்டில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் மின்சாரம் பாதிக்கு மேல்கூடக் குறையலாம். ஆட்களுக்கு நிழல் வேண்டுமென்றால் சாக்குப் படுதா கட்டிக்கொள்கிறோம்.

இப்போது செலவு 220, வரவு 350-க்குக் குறையாது. இரண்டு நாள் மப்பாக இருந்தாலும் விளக்கு நிற்கிறது. பேட்டரி அதே பேட்டரிதான்.

உரக்கடைச் செலவைக் குறைக்கத்தான் கிடை போடுகிறோம். அந்தக் கிடைக்காக பேட்டரிக் கடையில் காசைக் கொட்டினால் என்ன மிச்சம்? விளக்கு மங்கினால் கடைக்குக் கிளம்பாதீர்கள். முதலில் நோட்டையும் மல்டிமீட்டரையும் எடுங்கள். நான் முதலிலேயே அதைச் செய்திருந்தால் இரண்டு கிடாய்களும் மூன்று குட்டிகளும் இன்றைக்கு என் கிடையில் நின்றிருக்கும்.