முழங்காலுக்கு அறுவை, கழுத்துக்கு எக்ஸ்-ரே

முடக்குவாதத்தால் தேய்ந்த முழங்கால் மூட்டை மாற்றிக்கொள்ள வருபவரிடம் மயக்க மருத்துவர் முதலில் பார்ப்பது முழங்காலை அல்ல. "வாயை நல்லாத் திறங்கம்மா" என்பார். மூன்று விரல் நுழையுமளவுக்குத் திறக்கிறதா என்று பார்ப்பார். குரல் கம்மியிருந்தால் குறித்துக்கொள்வார். பிறகு கழுத்தைக் குனித்தும் நிமிர்த்தியும் வைத்து எக்ஸ்-ரே எடுத்துவரச் சொல்வார். 'காலில்தானே ஆபரேஷன்?' என்று கூட வந்தவர்கள் முணுமுணுப்பார்கள்.

முடக்குவாதம் கைகால்களோடு நிற்பதில்லை. தாடை மூட்டு இறுகும். குரல்வளைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு மூட்டுகளும் வீங்கும். பெரிய ஆபத்து கழுத்தின் உச்சியில் இருக்கிறது. இரண்டாவது கழுத்தெலும்பின் முளை ஒன்று முதல் எலும்பின் வளையத்துக்குள் நீண்டு நிற்கிறது. அதை நகரவிடாமல் பிடித்திருப்பது ஒரு ஜவ்வு. அழற்சி அதைத் தளர்த்திவிட்டால் வளையத்துக்கும் முளைக்கும் இடையே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி விழும். முளைக்குப் பின்னாலேயே தண்டுவடம். விழித்திருக்கும்வரை கழுத்துத் தசைகள் தாங்கிக்கொள்ளும். முழு மயக்கத்தில் அவையும் தளர்ந்துவிடுவதால், மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தத் தலையை வழக்கம்போல் அசைத்தாலே தண்டுவடம் நசுங்கலாம்.

அதனால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வது இவர்களில் பலருக்கு நல்ல வழி. அது பலிக்காமல் போனால் முழு மயக்கம்தான் என்பதால் கழுத்துப் படம் அப்போதும் தேவை. முதுகெலும்பைத் தாக்கும் மூட்டு நோயான அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வேறு கதை. முதுகெலும்புகள் மூங்கில்போல் ஒன்றாகிவிடுவதால் ஊசிக்கே சந்து கிடைக்காது. அப்படிப்பட்டவர்களுக்குத் தொண்டையை மட்டும் மரக்கச் செய்து, விழித்திருக்கும்போதே வளையும் ஒளியிழைக் கருவியை மூக்கு வழியே இறக்கி, அதன் துணையோடு மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவதுண்டு. இந்த முறையின் வரலாறே மூட்டு நோயாளி ஒருவரிடம்தான் தொடங்குகிறது. 1967இல் இங்கிலாந்தின் பீட்டர் மர்ஃபி, பித்தநாளத்தைப் பார்க்கச் செய்த கருவியை எடுத்து, சிறுவயதிலேயே மூட்டுகளை முடக்கும் ஸ்டில் நோய் முற்றிய ஒருவருக்கு மூக்கு வழியே குழாய் செலுத்தினார். தேவையில் பிறந்த யோசனை, இன்று உலகெங்கும் பாடம்.

மருந்துகளிலும் கவனம் வேண்டும். முடக்குவாத மாத்திரையான மெத்தோட்ரெக்ஸேட்டைப் பொதுவாகத் தொடரலாம். நோயெதிர்ப்பை அடக்கும் பயாலஜிக் ஊசிகளை அறுவைக்கு முன் தள்ளிவைப்பார்கள். நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் அறுவையின்போது ரத்த அழுத்தம் சரியலாம். அறுவைக்குப் போகும்போது எல்லா மாத்திரைகளையும், யாரோ கொடுத்த பெயரில்லாப் பொடி உட்பட, பையோடு எடுத்துப்போங்கள். கழுத்துவலியோ கைமரப்போ இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.